எதிரில் இருந்தவனை வெட்டிவிட்டார்கள், மச்சான்

என் அருமை மச்சான் சந்திரனுக்கு,

நீ போன இடத்தில் சாப்பாடு எப்படி? அங்கேயும் சர்க்கரை அளவு பார்த்துத்தான் போடுகிறார்களா, இல்லை இஷ்டத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா? இங்கே உன் வருஷத் திதி முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்றைக்குப் பிடித்த குமட்டல் எனக்கு இன்னும் விடவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

திதியைக் கிள்ளானில் உன் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று நானும் என் தங்கச்சி கமலாவும் சொன்னோம். உன் பெண்டாட்டி சொல்லையாவது கேட்டிருக்கலாம். உன் மகன் தினேஷ் கேட்கவில்லை. ரவாங் சொந்தக்காரர்களும் போர்ட் கிள்ளான் கூட்டாளிகளும் ரயிலில் வந்து இறங்க வசதி என்று, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியை எடுத்துவிட்டான். ஏர்கான் அறை, சுவரில் பந்து விளையாட்டுக் காட்டும் பெரிய டிவி. காலம் அப்படி என்று கமலா விட்டுவிட்டாள்.

உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தது. ஆட்டுக்கறி, பொரித்த கெம்போங் மீன், அவித்த முட்டை, டாக்டர் நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து நீ தொடாத ஸ்டவுட் பீர் ஒரு போத்தல். அதுவரை எல்லாம் முறைதான். ஆனால் இலையின் நடுவில், சோறு வைக்க வேண்டிய இடத்தில், ஒரு டெப்லட்டை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே அதில் நீ பேசிக்கொண்டிருந்தாய். நீ ஒரு வரி பேசியதும் எங்கிருந்தோ ஒரு கூட்டம் சிரித்தது. அடுத்த வரிக்கும் அதே கூட்டம், அதே சிரிப்பு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. சாமி கும்பிட வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டபடியே அதைப் பார்த்தார்கள்.

எந்தக் காணொளி என்று உனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில், கிள்ளான் மண்டபத்தில் நாம் இருவரும் மேடையேறிச் செய்த பிரியாணிக் காட்சி. படிக்கிறவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஜோடியாக நடித்த இரண்டு நகைச்சுவைக்காரர்கள். நாம் அவர்களைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை, 'நம்ம ஆளுங்க' என்போம். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நெட்டை பேசுவார், குட்டை கேட்பார். நீ துறைமுகத்தில் லோரி ஓட்டினாய், நான் சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. உயரமும் பொருத்தமாக அமைந்துவிட்டதால், கல்யாண விருந்துகளில் நீ நெட்டை, நான் குட்டை. கிள்ளானில் மைக் செட்காரனைக் கூப்பிட்டார்களோ இல்லையோ, நம்மைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் காட்சியில் இருவருக்கும் வேலை கிடையாது. குட்டை பட்டினியாகப் படுத்துக் கிடப்பார். நெட்டை கல்யாண வீட்டிலிருந்து வந்து, பந்தியில் என்னென்ன போட்டார்கள் என்று ஆரம்பிப்பார். குட்டைக்கு இருப்பது ஒரே வசனம், "அப்புறம்?" அதைச் சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்வார், சம்மணம் போடுவார், தரையில் இல்லாத இலைக்குத் தண்ணீர் தெளிப்பார், வெறும் வாயை மெல்வார். நெட்டை பாயசத்துக்கு வந்ததும் குட்டை ஏப்பம் விட்டு, இல்லாத இலையைத் தன் பக்கமாக மடிப்பார். அப்போதுதான் நெட்டை சொல்வார், "அப்புறம் என்ன, என்னை உள்ள விடல. வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துட்டேன்." குட்டை அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மடித்த இலையை மெல்லப் பிரித்து, எதிர்ப்பக்கமாக மடிப்பார்.

கல்யாண விருந்தில் இலையைத் தன் பக்கம் மடிப்போம், துக்க வீட்டில் எதிர்ப்பக்கம். கிள்ளானில் இதை மாற்றிச் செய்துவிட்டு ஒருவன் தப்பிக்க முடியுமா? அதனால்தான் அந்த இலை மடிப்புக்கு மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கோ ஒரு வாசலில் நின்று பார்த்துத் திரும்பியவர்கள். அதையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

அவர்களுடைய ஆரம்பகாலப் படங்கள் மட்டும் ஏன் இன்னும் பழசாகவில்லை என்று நாம் எத்தனை முறை பேசியிருப்போம்! அப்போது அவர்களிடம் வசதி இல்லை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு பேரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து, காட்சி முடியும்வரை விட்டுவிடுவார்கள். பேசுகிறவர் முகமும் கேட்கிறவர் முகமும் ஒன்றாகத் தெரியும். எதைப் பார்ப்பது என்று நம்மிடமே விட்டுவிடுவார்கள். நீ முதல் தடவை நெட்டையைப் பார், அடுத்த தடவை குட்டையைப் பார், அது வேறு படம். பிற்பாடு கலர் வந்தது, ஆளுக்கொரு குளோசப் வந்தது. கறுப்பாக இருப்பவளைக் கேலி செய்தார்கள், கிழவனைக் கன்னத்தில் அறைந்தார்கள். அந்தப் படங்கள் டிவியில் வந்தால் நீ எழுந்துபோய் அணைத்துவிடுவாய். "வயிறு நெறஞ்சிருச்சு மச்சான் இவங்களுக்கு. இனிமே சிரிப்பு வராது" என்பாய். அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது அந்த ஆரம்பப் படங்களையும் விடவில்லை. கறுப்பு வெள்ளைக்குச் சாயம் பூசிவிட்டார்கள், குட்டையின் உதடு வெற்றிலை போட்டதுபோல இருக்கிறது. கைப்பேசிக்கு ஏற்றபடி இரண்டு ஓரத்தையும் நறுக்கி, பேசுகிறவர் முகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மூச்சு விடும் இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, எங்கே சிரிக்க வேண்டும் என்று சிரித்தும் காட்டுகிறார்கள். குழந்தைக்கு ஊட்டுகிறவள் தானே மென்று துப்பி ஊட்டுவாளா? அந்தக் கண்றாவிதான் இது. இதையே தினமும் குடும்பக் குழுவில் அனுப்பி, "பழசு பழசுதான்" என்று கும்பிடு போடுகிறார்கள்.

நம் காட்சியையும் தினேஷ் அப்படித்தான் செய்திருந்தான். நான் அதில் இல்லை. ஓரத்தில் என் முழங்கால் மட்டும் ஒருமுறை வந்து போகிறது. எனக்கு அது பெரிதில்லை, மச்சான். என் மூஞ்சியை நானே தினம் பார்க்கிறேன். ஆனால் என் "அப்புறம்?" எல்லாம் போனதால் நீ மூச்சு விடாமல் பிரியாணி, கோழி, மட்டன், பாயசம் என்று அடுக்கிக்கொண்டே போகிறாய். பாயசத்தோடு காணொளி முடிந்துவிடுகிறது. வாசலில் நின்றாய் என்ற வரி அதில் இல்லை.

தினேஷோடு வேலை பார்க்கும் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள் நல்லா வெட்டுவாரு போல லா" என்றான். அவன் கெட்டவன் இல்லை, பார்த்ததைச் சொன்னான். பக்கத்தில் நின்ற நம் ரவாங் பெரியம்மா, உன் சாவுக்கு வந்து கமலாவைக் கட்டிப்பிடித்து அழுத அதே பெரியம்மா, "அதான் சீனி வந்து காலை எடுத்துச்சு. வாயைக் கட்டலன்னா?" என்றாள். கமலாவின் காதில் விழுந்தது.

நீ கடைசி வருஷங்களில் என்ன சாப்பிட்டாய் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாகற்காயும் அளந்து வைத்த சோறும். கால் போவதற்கு முந்திய தீபாவளிகளில் வீடு நிறைய ஆட்கள் சாப்பிட, நீ பரிமாறிவிட்டு, "எப்படி இருக்கு? உப்பு சரியா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே நிற்பாய். சொந்த வீட்டில் வாசலில் நின்றவனை, செத்த பிறகு ஊர் கூட்டிச் சாப்பாட்டு ராமன் ஆக்கிவிட்டார்கள். அதுவும் உன் இலையிலேயே வைத்து. சீ என்று போய்விட்டது எனக்கு.

தினேஷை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். போனை நிமிர்த்தித்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், அதில் இரண்டு பேர் கொள்ளாது, அப்பாவை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது, அது எனக்கும் தெரிந்தது. சரி, கடைசி வரியை ஏன் வெட்டினாய் என்றேன்.

"அந்த வரிக்கு யாருமே சிரிக்கல மாமா. நீங்க ரொம்ப நேரம் சும்மா இருக்கீங்க."

சும்மா இருந்தேனாம். நீ அதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அந்தச் சும்மாவுக்காக நாம் எத்தனை கல்யாணத்தில் அடி வாங்கியிருப்போம். ஒரு நொடி முந்தினால் சிரிப்பு போச்சு, பிந்தினால் கூட்டம் எழுந்து போச்சு. அவன் பிறப்பதற்கு முன்னால் உன் அடுக்களையில் நாம் பழகியது அது. நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் கமலா வந்து நின்றாள். அவள் மகனைத் திட்டவில்லை.

"அப்பா தனியா பேசிக்கிட்டு இருக்காருடா. எதிர்ல ஆள வை" என்றாள்.

தினேஷ் டெப்லட்டை இலையிலிருந்து எடுத்தான். அது இருந்த இடத்தைத் துடைத்துவிட்டுக் கமலா சோறு வைத்தாள். முழுக் காணொளி அவன் கைப்பேசியில் இருந்தது, அதைச் சுவர் டிவியில் போட்டான். பந்தி நடந்துகொண்டிருந்ததால் முதலில் யாரும் திரும்பவில்லை. மங்கலான படம், கரகரத்த மைக், நாம் இருவரும் ஒரே சட்டத்துக்குள். நீ என்ன உயரம், மச்சான்! மறந்தே போயிருந்தேன். நான் இல்லாத இலைக்குத் தண்ணீர் தெளித்தபோது யாரோ ஒருவர் சிரித்தார். வெறும் வாயை மெல்ல ஆரம்பித்ததும் இன்னும் சிலர். வாசலில் நின்ற வரி வந்தபோது அந்த அலுவலகப் பையன் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மா ரசத்தைக் குடித்தபடி குனிந்துகொண்டாள். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாதியோடு எழப் பார்த்து, துக்க வீட்டு முறைப்படி இலையை எதிர்ப்பக்கமாக மடித்தேன். நிமிர்ந்தால் எதிரில் உன் படம். அந்தச் சிரிப்போடு, அடுத்த வரியைச் சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருக்கும் அதே முகத்தோடு நீ. என் கை தானாகவே போனது. மடித்த இலையைப் பிரித்தேன். உன்னையே பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல், என் பக்கமாக மடித்தேன்.

"டேய் பாலு, திதி வீட்ல என்னடா பண்ற?" என்று பெரியம்மா பதறினாள்.

கமலா சிரித்துவிட்டாள். நாம் எத்தனை மேடையில் செய்தபோதும் சிரிக்காதவள் அவள். அடுக்களையில் நம் ஒத்திகையைக் கேட்டே அலுத்துப்போனவள் என்று நீயே குறைப்பட்டிருக்கிறாய். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அவளும் தன் இலையைத் தன் பக்கம் மடித்தாள். பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டே மடித்தாள்.

இதோடு முடித்திருந்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் தினேஷ் அழித்தாலும், அந்த வெட்டிய காணொளி ஊரெல்லாம் போய்விட்டது. நேற்று கிள்ளான் ரயிலில் பக்கத்தில் இருந்தவன் கைப்பேசியில் உன் குரல் கேட்டது, கூடவே அந்தக் கூலிச் சிரிப்பும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அவரு சாப்பிடல. வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தாரு" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டான்.

போகட்டும், மச்சான். இன்னும் எத்தனை பேர் இடம் மாறி உட்கார்ந்தாலும் சரி, உன்னை எந்தக் கைப்பேசியில் பார்த்தாலும் மிச்சத்தைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். அடுத்த திதிக்கும் உன் எதிரிலேதான் எனக்கு இலை. நீ உன் வரியைச் சொல், நான் காத்திருக்கிறேன்.

அப்புறம்?

உன் கமலாவின் அண்ணன்,
உன் எதிரில் இருப்பவன்,
மச்சான் பாலு