மலையேற அனுமதியில்லாத முறுக்கு

அக்டோபர் 9, புதன்

காலையிலிருந்து சாரல். விறகெல்லாம் ஈரம், வீடு முழுக்கப் புகை. இருந்தாலும் ஆறு டின் முறுக்கு நிரப்பியாயிற்று. மூக்கம்மாவும் அவள் நாத்தனார் பேச்சியும் பிழிந்தார்கள், எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. எல்லாம் மலைமேல், கேரள எல்லையிலிருக்கும் குமுளி ராவுத்தர் கடைக்கு. ஏலத்தோட்டத்து ஆட்கள் தீபாவளிக்கு வாங்குவது அங்கேதான். வருஷத்தில் நாலு காசு பார்ப்பது இந்த மாதம் மட்டும்.

மத்தியான பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். மலையடிவாரச் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். வாராவாரம் பார்க்கிற அதே ஏட்டு. இன்று முன்பின் தெரியாதவர் மாதிரிப் பேச்சு.

"டின்ல என்னம்மா?"

"முறுக்கு, ஏட்டய்யா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"எதுல செஞ்சது?"

"பச்சரிசி மாவுலதான். கொஞ்சம் உளுந்து."

"அப்ப அரிசி. அரிசி மலையேறக் கூடாது. பெர்மிட் இருந்தா காட்டு."

கேலி செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டின்களை இறக்கிப் பக்கத்துக் கொட்டகையில் வைத்துச் சீல் போட்டுவிட்டார்கள். பஸ் போய்விட்டது. திரும்பி வந்தேன், வெறுங்கையோடு.

அக்டோபர் 10, வியாழன்

தாலுகா ஆபீஸ். பெஞ்சில் காத்திருந்தே பாதி நாள். கிளார்க் தடைப் பட்டியல் கட்டு ஒன்றைப் பிரித்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நெல் இருக்கிறதாம். அரிசி, குருணை, மாவு எல்லாம் இருக்கிறதாம்.

"முறுக்குன்னு ஒண்ணு இதுல இல்லையேம்மா."

"இல்லேன்னா தடையும் இல்லேன்னுதான அர்த்தம்? விட்டுரச் சொல்லி எழுதிக் குடுங்க."

"இல்லாத பொருளுக்கு நான் எப்பிடிப் பெர்மிட் எழுதறது? வேணும்னா மாவுன்னு போட்டுத் தாரேன்."

"தொறந்து பாத்தா முறுக்கு இருக்கும். பொய்ப் பெர்மிட்டுன்னு அதுக்கு வேற கேஸ் போடுவாக."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். மனுஷன் ஊதி ஊதிக் குடித்தார்! எனக்கு அந்தக் கிளாஸைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

சுகாதார ஆபீஸ் சீட்டு வாங்கியிருக்கிறேன். எடைக்கல்லுக்கு முத்திரை. வீட்டில் அரிசி மூட்டை வைத்துக்கொள்ள ஒரு அனுமதி. அதைப் புதுப்பிக்க அலைந்தது தனிக்கதை. முறுக்குப் பிழிகிற கைக்கும் லைசென்ஸ் கேட்பார்கள் ஒருநாள்.

அக்டோபர் 11, வெள்ளி

மறுபடி செக்போஸ்ட். ஏட்டிடம் சொன்னேன், முறுக்கு பட்டியலில் இல்லை என்கிறார்கள் என்று.

"பட்டியல்ல இல்லாதத நான் எந்தத் தைரியத்துலம்மா விடறது?"

கொட்டகை ஒழுகுகிறது. நேராக என் டின்கள் மேலே. தள்ளி வைக்கவாவது விடுங்கள் என்றேன். சீல் வைத்த பொருளைத் தொடக்கூடாதாம். தொட்டேன். ஆறையும் இழுத்துச் சுவரோரம் வைத்தேன். கத்தினார். நானும் கத்தினேன். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே முகம் சரியில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு வாத்தியார் பொண்டாட்டி ரோட்டுல நின்னு போலீஸோட சண்டையா? நான் சர்க்கார் சம்பளம் வாங்குறவன். விட்டுரு."

"நீங்க வாங்குறீக. மூக்கம்மாவுக்கு எந்தச் சர்க்கார் குடுக்குது?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும்தான்.

அக்டோபர் 14, திங்கள்

இன்று தாலுகா ஆபீஸில் பெரிய அதிகாரியையே பார்க்க விட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். வழி இருக்கிறதாம். தெரிந்தே அரிசி கடத்த முயன்றேன், மன்னிக்கவும் என்று ஒரு கையெழுத்து. கொஞ்சம் அபராதம். டின்கள் திரும்பி வந்துவிடும்.

"கடத்தல்னு போடாம எழுதக் கூடாதா?"

"ரூல் அப்படித்தாம்மா. வெறும் வார்த்தைதானே?"

வெறும் வார்த்தையாம். எங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் கருவேப்பிலையைக்கூடக் கேட்காமல் கிள்ளியதில்லை. எழுந்து வந்துவிட்டேன். அப்படியென்றால் டின்கள் ஏலத்துக்குத்தான் என்று பின்னாலிருந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "கையெழுத்துப் போடாதே" என்றார். அவ்வளவுதான். அது போதும்.

அக்டோபர் 18, வெள்ளி

மழை விட்டது. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பால்காரிக்குப் பாக்கி.

ராவுத்தர் பஸ் பிடித்து நேரில் வந்தார். நல்ல மனுஷர். தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"என்னத்தா செய்ய, பண்டிகை நேரத்துல கடைய காலியாப் போட முடியல. கோட்டயத்துலருந்து பிஸ்கட் எறக்கிட்டேன்."

அவரை என்ன சொல்ல? காபி கொடுத்து அனுப்பினேன். பிறகு மூக்கம்மாவையும் பேச்சியையும் உட்காரவைத்து, இனி இந்தத் தீபாவளிக்கு வேலை இல்லை என்றேன். பேச்சி அழுதாள். பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுத்துத் தையற்கடையில் கொடுத்துவிட்டாளாம்.

மூக்கம்மா அழவில்லை. "விடுக்கா. சுருளிப்பட்டிப் பக்கம் களையெடுக்க ஆள் கேக்குறாக. நாங்க போயிக்கிறோம். நீ அந்த ஆபீஸ் ஆளுகள விட்டுறாத."

நான் அவர்களை என்ன செய்துவிட முடியும்? பெண்டாட்டி பிள்ளைகளோடு அவர்கள் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டு மச்சிலும் முறுக்கு இருக்கும்.

அக்டோபர் 24, வியாழன்

தாலுகா ஆபீஸ் வாசலில் ஏலம். போகாதே என்றார் இவர். போனேன்.

பியூன் முதல் டின்னைத் திறந்தான். பச்சையாகப் பூசணம். நாற்றத்தில் அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். மனிதர் உண்ணத் தகுதியற்றது, மாட்டுத் தீவனமாக விற்கலாம் என்று கிளார்க் எழுதினார். டீ குடித்தாரே, அவரேதான். டின் என்னுடையது, அதையாவது கொடுங்கள் என்று கேட்டேன். சேர்த்துத்தான் ஏலமாம்.

ஒரே ஒரு ஆள்தான் கேட்டான். ஜீப் வண்டிக்காரன். ஆறு டின்னும் அவனுக்கு.

"எங்கன கொண்டு போறீக?" என்றேன்.

"குமுளிக்குத்தான்த்தா. மேல பால்மாடு கெடக்கு."

காதில் விழுந்தது சரிதானா என்று மறுபடி கேட்டேன். குமுளிதான்.

திரும்பி வரப் பஸ் ஏறியவள் எங்கள் ஊர் கம்பத்தில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் மலையடிவாரம் வரை டிக்கெட் எடுத்தேன். செக்போஸ்டில் எங்களுக்கு முன்னால் அந்த ஜீப் நின்றது. பின்னால் என் டின்கள், கயிறு கட்டி. ஏட்டு சீட்டை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"மாட்டுத் தீவனம். தடையில்ல. போகலாம்."

ரோட்டின் குறுக்குக் கட்டை உயர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன்.

"ஏட்டய்யா, அது முறுக்கு! என் முறுக்கு!"

ஜீப் போகும்வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினார்.

"இப்ப இல்லம்மா" என்றார்.