மூலையைப் பார்க்கச் சொன்னவளுக்கு

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் செங்கல் தூள் போகவில்லை. நகத்தடியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று பொங்காலை, ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாள். விடியுமுன்னே மூன்று புதுச் செங்கலை வைத்துத் தெருவில் எங்கள் வாசலுக்கு நேராக அடுப்புக் கூட்டினேன். கூட்டிவிட்டு, பழக்கத்தில், இடது பக்கம் உனக்கு இடம் விட்டேன். பாறசாலையிலிருந்து வந்த ஒருத்தி, "இவிடெ ஆளுண்டோ அம்மே?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நீ போன பிறகு வந்த முதல் பொங்காலை இது.

கோயிலில் மூட்டுகிற தீ, அடுப்புக்கு அடுப்பு கைமாறி நம் ஸ்ரீவராகத்துக்கு வந்து சேர வெயில் ஏறிவிடும். அதுவரை செய்ய ஒன்றுமில்லை. அந்தக் காத்திருப்பில்தான் நம் விளையாட்டு தொடங்கியது. போன பொங்காலைக்கும் இந்தப் பொங்காலைக்கும் நடுவில் டி.வி.யிலும் சினிமாவிலும் பார்த்ததில் மனசில் நின்ற காட்சி எது என்று ஆளுக்கு இரண்டு சொல்ல வேண்டும்.

எனக்கு வசனம் வேண்டும். கோர்ட்டில் தாய் எழுந்து நின்று பேசுவாள், நான் அதை ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பேன். பக்கத்து அடுப்புக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமை.

நீ வேறு மாதிரி. தம்பானூர்ப் பக்கம் தியேட்டரில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் நீ. முழுப் படமாக எதையும் பார்த்ததில்லை. ஒரே படத்தைப் பத்துப் பத்து நிமிஷமாக ஒரு மாதம் பார்ப்பாய். கதாநாயகனைப் பார்த்து அலுத்த கண் மற்ற இடங்களுக்குப் போகும் என்பாய். எங்கள் வீட்டில் சாயங்கால சீரியல் பார்க்க வந்து உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ சொன்ன இரண்டும் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து மகன் திரும்பி வருகிற படம். நான் தாயின் அழுகையைச் சொன்னேன். நீ லேசாகச் சிரித்தாய்.

"எல்லாவளும் அம்மைக்காரி அழுகதையே பாக்கா. பின்னால மூலையில தங்கச்சிக் குட்டி நிக்கா, பாத்தேளா? அவ அழல்ல. அடுக்குல இருந்து இன்னொரு தட்டை எடுத்து, பாவாடையில தொடச்சு வைக்கா. அவதான்க்கா அவனுக்காவ காத்துக் கெடந்தது."

இன்னொன்று சீரியலில். மருமகளை வீட்டை விட்டு விரட்டுகிறாள் மாமியார். அரை மணி நேரத் திட்டு. நான் அந்தத் திட்டைத்தான் கேட்டேன். "வெளிய போறவ கேட்டைச் சாத்திட்டுப் போறாக்கா," என்றாய் நீ. "வெரட்டின வீட்டுக்குள்ளயும் மாடு நொழஞ்சிரக் கூடாதுன்னு நெனைக்கா."

அந்தச் சமயத்தில்தான் நான் வாங்குகிற வார இதழில் வாசகரிடம் கேட்டிருந்தார்கள்: கடந்த ஆண்டில் உங்கள் மனத்தில் நின்ற சின்னத்திரை, சினிமாக் காட்சிகளை எழுதி அனுப்புங்கள் என்று. நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் இந்தத் தெருவில் தமிழ் எழுதத் தெரிந்த பெண்களில் என் கையெழுத்துக்கு ஈடில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. எழுதினேன். என்னுடைய கோர்ட்டுக் காட்சியை முதலில் எழுதினேன். அது மட்டும் போதாது என்று தோன்றியது. உன்னுடைய தட்டையும் கேட்டையும் சேர்த்தேன். "என் தோழி சொன்னாள்" என்று ஒரு வரி எழுதி, அதை அடித்துவிட்டு, வேறு தாளில் நல்ல பிரதி எடுத்தேன். அடித்தபோது என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். வாயில்தான் தமிழ். உனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அதைத்தான் நினைத்தேன்.

இதழ் வந்தது. என் பெயர் இருந்தது. கோர்ட்டுக் காட்சியை எடுத்துவிட்டு உன்னுடைய இரண்டை மட்டும் போட்டிருந்தார்கள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பேத்திக்கு அன்று ஒன்பது வயது. என் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தை வெட்டித் தன் ஆல்பத்தில் ஒட்டினாள். "எங்க பாட்டி புக்குல எழுதியிருக்கா," என்று தெரு முழுக்கச் சொன்னாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு நாக்கு எழவில்லை. குழந்தையைச் சொல்வானேன், எனக்கே அது இனித்தது.

அடுத்த பொங்காலைக்கு அவள் ஆல்பத்தையே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தீ வரவில்லை. நீ இடது பக்கத்தில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாய். எதிர்வீட்டு சரசம்மா சும்மா இருந்தாளா?

"சேச்சி எழுதினதல்லே? ஒண்ணு வாசிச்சே, நாங்களும் கேக்கட்டே."

கண்ணாடி எடுத்துவரவில்லை என்றேன். பேத்தி ஓடிப்போய் எடுத்துவந்தாள். வாசித்தேன். தட்டு வந்த இடத்தில் அரிசியில் உன் விரல் நின்றது. கேட்டைச் சாத்துகிற இடம் வந்தபோது மறுபடி நகர்ந்தது. நான் முடித்ததும் பெண்கள் யாரும் உடனே பேசவில்லை. நன்றாயிருந்ததால் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நீதான் முதலில் வாய் திறந்தாய். "அக்கா அப்பிடித்தான் பாப்பா," என்று சரசம்மாவிடம் சொன்னாய். பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "ஒங்க கோர்ட்டு சீனை ஏன்க்கா போடல்ல? நல்லால்லா சொல்லுவீங்க."

அது குத்தலா, ஆறுதலா? எட்டு வருஷமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தும் பிடிபடவில்லை. உன் குரலில் குத்தல் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"சரி, இந்த வருஷம் உனக்கு எது?" என்று கேட்டேன், ஒன்றும் நடக்காததுபோல.

"இந்த வருஷம் ஒண்ணும் மனசுல நிக்கல்லக்கா."

தீ வந்தது. ஒரு ஓலைக்கீற்றைப் பற்றவைத்து, எப்போதும்போல என் அடுப்புக்கு நீயே நீட்டினாய். சீரியலுக்கும் வழக்கம்போல வந்தாய். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பொங்காலைக்கும் நீ ஒரு காட்சி சொல்லவில்லை. கேட்டால், "நல்லாருக்கு," என்பாய். அவ்வளவுதான். உன் கண் பார்ப்பதை நிறுத்தியிருக்காது. எனக்குச் சொல்வதைத்தான் நிறுத்திவிட்டாய். நான் கெட்டிக்காரி, அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன்: தியேட்டரில் வேலை கூடிவிட்டது, அலுத்துப்போயிருப்பாள் என்று.

கடைசியில் நீ மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். உன் கட்டிலருகே உட்கார்ந்ததும், நீ பார்க்காமல் விட்ட சீரியல் கதையை ஒரு மணி நேரம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாய். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உனக்கு நினைவு திரும்பவில்லை.

இன்று பாறசாலைக்காரி தன் பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, சரசம்மாவிடம் சொன்னேன். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்தது, நாலு சொல்லில் முடிந்துவிட்டது. "அன்னைக்கு வாசிச்சது என்னோடது இல்ல. அவ சொன்னது."

சரசம்மா அடுப்பெரிக்கத் தேங்காய்ச் சிரட்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"அது எங்களுக்கு அப்பவே அறியாம், சேச்சி."

எப்படித் தெரியும் என்றேன்.

"அந்தப் படம் பாக்கப் போனப்போ அவதானே டிக்கெட்டு கிழிச்சா. 'மூலையில நோக்கிக்கோ, தட்டு எடுக்கிற குட்டியை நோக்கிக்கோ'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தான் உள்ளே விட்டா. இந்தத் தெருவில அதைக் கேக்காத பெண்ணு யாரு?"

"பின்னே அன்னைக்கு ஏன் ஒருத்தியும் கேக்கல?"

"கேக்கத்தான் போனேன். அவ என் கையைப் பிடிச்சு அமுக்கினா. பின்னீடு பானை எடுத்துட்டுப் போகும்போ எங்களோடெல்லாம் பறஞ்ஞா, அக்காவோட பேத்திக் குட்டி நிக்குது, அது முன்னால வேண்டாம்ன்னு."

நான் பொங்கலைக் கிளறினேன். கிளற ஒன்றும் இல்லை, அரிசியே இன்னும் வேகவில்லை. இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து இந்தத் தெருவில் நடந்தேனே, அத்தனை பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வாயை மூடியது நீ.

இனி தெரியாதவள் ஒருத்திதான். நீ யாருக்காகச் சும்மா இருந்தாயோ அவள். வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள். ஆல்பம் அவள் மேசையில்தான் இருக்கிறது. தோழிகள் வந்தால் எடுத்துக் காட்டுகிறாள்.

அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகுதான் உறைக்கிறது. அவளும் மலையாளத்தில் படித்தவள். என் பெயரைத் தாண்டி ஒரு வரி தமிழ் வாசிக்க வராது. இதையும் நான் வாசிக்கத் தெரியாத ஒருத்திக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் பஸ் வரும் நேரம் ஆகிறது. முதல் வரியிலிருந்து நானே வாசித்துக் காட்ட வேண்டும்.