நம் நோட்டில் பீட்டர் என்றொருவன்

இன்று வகுப்பில் ஒரு மாணவி 'பீட்டர் அவுட்' என்பதற்குப் பொருள் கேட்டாள். மெல்ல மெல்லக் குறைந்து இல்லாமற்போதல் என்றேன். "யாரு சார் அந்தப் பீட்டர்? பீட்டர் உடற பீட்டரா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நீ மறைந்து இரண்டு ஆண்டுகளாகியும், அக்கேள்வி உன்னிடமே வந்து நின்றது.

எம்.ஏ. படித்த தொண்ணூறுகளில், தாம்பரத்தில் ஏறும் மின்சார ரயிலில் நாம் இருவரும் ஆங்கிலப் பேச்சுத்தொடர்களின் பொருளையும் பிறப்பையும் ஒரு நோட்டில் தொகுத்தோம். எந்த நூலில் கண்டோம் என்று குறிக்காமல் எதையும் எழுதலாகாது என்பது நான் வகுத்த விதி. பீட்டருக்கு நேரே நீ எழுதியிருந்தாய்: லெப்டினன்ட் பீட்டர் என்னும் கடற்படையாளன்; வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம், பின் மாதம் ஒன்று, பின் ஒன்றுமில்லை. நூற்பெயர் இல்லை.

"லைப்ரரில பாத்தேன் மச்சான், பேர் மறந்துட்டேன். எல்லாத்துக்கும் ரசீது கேப்பியா?"

அந்த ஒருமுறை விதியைத் தளர்த்தினேன்.

பிறகு ஒரே ஒரு விரிவுரையாளர் பணியிடம். நேர்காணலுக்கு இருவருமே போனோம். ரயில் குரோம்பேட்டையைத் தாண்டுகையில், சொல்லப்போவதை உன்னிடம் ஒப்பித்தேன், பீட்டர் கதை உட்பட. வேர்க்கடலை மென்றபடி முழுதும் கேட்டாய். "லியூட்டினன்ட் இல்லடா, லெஃப்டினன்ட்" என்று மட்டும் திருத்தினாய்.

உள்ளே, குழுத்தலைவர் கதையைக் கேட்டுவிட்டு, "எந்த புக்ல இருக்கு?" என்றார். "லைப்ரரில பாத்தது சார், பேர் மறந்துட்டேன்" என்றேன். எனக்குப்பின் நீ போனாய். வெளியே தேநீர்க் கடையில் உன்னைக் கேட்டேன்.

"உங்கிட்டயும் பீட்டரப் பத்தித்தான் கேட்டாரா?"

"ஆமா. உறுதியா யாருக்கும் தெரியாது சார், சுரங்கத்துல வேலை செஞ்சவங்க பேச்சுன்னு ஒரு ஊகம் இருக்குன்னேன்."

"அப்ப லெப்டினன்ட்?"

"அது சும்மா ஜாலிக்கு எழுதுனது மச்சான். நீ அதப் போயி அங்க சொல்லுவேன்னு நான் கண்டனா?"

கண்டாய். அன்று காலைதான் காதாரக் கேட்டாய்.

பணி உனக்குக் கிடைத்தது. நான் இந்தத் தனிப்பயிற்சி வகுப்புக்கு வந்தேன். இங்கேயே வயது ஐம்பதும் ஆயிற்று. அஸ்தினாபுரத்து உன் வீட்டில் உன் உடலருகே நின்றபோதும், ரயிலிலேயே ஏன் சொல்லவில்லை என்று சேர்த்துவைத்த கேள்வி வாய்வரை வந்தது.

இப்போதும் எவரேனும் என் பிழையொன்றைத் திருத்தினால் எனக்கு உடனே நன்றி சொல்ல வருவதில்லை. திருத்தாமல் விட்டது எது என்று அவர் முகத்தில் தேடுகிறேன்.