சீமாட்டியின் நான்காவது குறை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்பதால் அதையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

மூன்று வாரம் ஆகிறது. ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்தபோது என் குதிரை சீமாட்டி திடீரென்று நின்றாள். நான் நிற்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கூடவே சளியும் பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அறுபத்து நாலு வயசுல குதிரை எதுக்குங்க? ஒரு கார் வாங்கக் கூடாதா?" என்றார். "கார் இருக்குங்க. ஆனா என்னைப் பாத்தா அது கனைக்காது"ன்னேன். இனி ஏறினால் அடுத்த முறை தன்னிடம் வரவேண்டாம், நேராகக் கொத்தனாரிடம் போகச் சொல்லிவிட்டார்.

என் மகன் பெரியவன் அப்பாவைக் கவனிக்கிறான், குறை சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலில் என்னைப் படுக்க வைத்த அன்றைக்கே லாயத்தை டேப் வைத்து அளந்துவிட்டான். மழைக்காலத்துக்கு முன் தார்ப்பாய்ச் சரக்கு வருகிறதாம், கடையில் கயிற்றையும் சாக்கையும் தவிர வேறு எதற்கும் இடமில்லையாம். மாதக் கடைசிக்குள் லாயம் காலியாக வேண்டும். ஒரு தரகர் வேறு இரண்டு முறை வந்துபோனார். பொருட்காட்சியில் பிள்ளைகளை முதுகில் ஏற்றி நாள் முழுக்க வட்டமடிக்கக் குதிரை வேண்டுமாம். நினைத்தாலே எனக்கு இடுப்பு இன்னொரு இடத்தில் முறிகிறது.

உன் வீட்டுப் பின்கட்டில் நம் பழைய குதிரை கரியன் இருந்த கொட்டில் சும்மாதானே கிடக்கிறது. சீமாட்டியை நீ எடுத்துக்கொள்கிறாயா?

எந்தக் குதிரையால் ஆறு வருஷமாக என்னிடம் பேசாமல் இருக்கிறாயோ, அதையே உனக்கு விற்கப் பார்க்கிறேன் என்றால் என் தோல் எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள். தோல்தான் வியாபாரிக்கு முதல்.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

உன் கடை வண்டிக்காரர் இன்றைக்குத்தான் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதில் வாங்காமல் போகக்கூடாது என்று உத்தரவாம், வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். மனுஷர் மூன்று டம்ளர் காப்பி குடித்துவிட்டார்.

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, ஆறு வருஷமாக உனக்கு இது தோன்றவில்லை பார், நீயெல்லாம் ஒரு வியாபாரி.

இடுப்புக்கு ஒத்தடம் கொடு. படுத்தபடியே கணக்குப் பார்க்காதே. உன் மனைவி உயிரோடு இருந்திருந்தால் இந்த வயதில் உன்னை ஏறவிட்டிருக்க மாட்டாள்.

இங்கே எல்லாம் பழைய கதைதான். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தைத்தாக வேண்டும், ஆறு தையல் மிஷினும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன, சீருடைக்கு நீலத்துணி கிடைக்கவில்லை. பின்சுவரில் பூச்சு மறுபடி உதிர்ந்துவிட்டது. ஒரே இடத்தில், இது மூன்றாவது முறை. கொத்தனாரைக் கூப்பிட்டு, "சிமெண்டுல மண்ணைக் கலந்தியா, மண்ணுல சிமெண்டைக் கலந்தியா?"ன்னு கேட்டேன். "சத்தியமா நல்ல கலவைதாம்மா"ன்னு தலையில் அடித்துக்கொண்டார். பின்சந்தில் குடிகாரர் தொல்லையும் ஆரம்பித்துவிட்டது. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் ஒருவன் சுவருக்கு அந்தப் பக்கம் "அய்யோ, அம்மா" என்று ஊரைக் கூட்டினான். குழாயடியில் நிறைந்திருந்த வாளியைத் தூக்கி அப்படியே சுவருக்கு மேலாக ஊற்றினேன். சத்தம் நின்றது.

குதிரை விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை மறைப்பது உன் தொழில் தர்மம். நீ விற்ற சாக்கில் ஓட்டை இல்லாத சாக்கை நான் பார்த்ததில்லை. சீமாட்டிக்கு என்ன குறை? ஒன்று விடாமல் எழுது.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

குறை மூன்று. ஒன்று, வலது முன்னங்கால் குளம்பு கொஞ்சம் மென்மை, லாடக்காரர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு, குடையைக் கண்டால் ஆகாது. மூன்று, கொள்ளில் ஒரு கல் இருந்தாலும் தொட்டியையே கவிழ்த்துவிடுவாள். உன் சமையலைப் பற்றி உன் மாமியார் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது, கோபப்படாதே.

குணத்தில் தங்கம். வயது பதினொன்று. நீயே பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொள்.

இப்போது நான் ஒன்று எழுதவேண்டும். படுத்துக் கிடப்பவனுக்குக் கூரையைத் தவிர வேலை இல்லை, அதனால் இதெல்லாம் வருகிறது.

அந்தக் குதிரைப் பண்ணையை மூடி ஏலம் விட்டார்களே, அதற்கு முதல்நாள் சாயங்காலம் உன் தையல் மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "இந்த சாம்பல் குதிரை மேல எனக்கு ஆசைடா. இதுவரைக்கும் போவேன், இதுக்கு மேல என்னால முடியாது"ன்னு விலையைச் சொன்னாய். அளவு எடுக்கும் சாக்கட்டியால் மேஜையிலேயே எழுதியும் காட்டினாய். மறுநாள் தரகரை முன்னால் நிறுத்தி, அதற்கு மேல் நூறு வைத்து நான் எடுத்துவிட்டேன். நீ ஏலக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது கயிறு என் கையில் இருந்தது. "இனி உன்கூடப் பேசினா என் நாக்கு அழுகிப்போகட்டும்" என்றாய்.

தெரியாமல் நடந்தது என்று இத்தனை நாள் பெரியவனிடம்கூடச் சொல்லி வந்திருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன். அவளைப் பார்த்தேன், வேண்டும் என்று தோன்றியது, கை தானாகப் போய்விட்டது. நாற்பது வருஷம் ஏலத்தில் நின்ற கை. உன் ரகசியத்தை நான் விலையாக்கினேன். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

விலை பேச இப்போது அவசரமில்லை. பத்து நாள் வைத்துப் பார். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பு. வண்டிக்காரர் கையோடு அழைத்து வருவார். குடை இல்லாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பி,

பத்து நாளும் கடந்து இரண்டு நாள் அதிகம். வாடகை கேட்டு ஆள் அனுப்பிவிடாதே.

வந்த அன்றே தையல்கூடம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பொத்தான் தைக்கிற அம்மாள் எட்ட நின்று, "கடிக்குமாக்கா?" என்றாள். "அவ என்ன உன் நாத்தனாரா கடிக்க?"ன்னேன். சீமாட்டி நேராக என்னிடம் வந்து என் தோளில் கிடந்த அளவு டேப்பை வாயில் கவ்வி இழுத்தாள். நாற்பது அங்குலம் வரைக்கும் தின்றுவிட்டாள். இந்தக் குறையை நீ எழுதவில்லை, ஆனால் நான் கேட்கிற குறை அது இல்லை.

முதல் நான்கு நாள் கொட்டிலோடு சரி. ஐந்தாம் நாள் காலை, நடக்க வைக்கலாம் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்வாசலைத் திறந்தேன். நான் வலப்பக்கம் மைதானத்துக்குத் திருப்பினேன். அவள் இடப்பக்கம் திரும்பினாள். அறுபத்தேழு வயதுக்காரி என்ன செய்ய முடியும்? கூடவே போனேன். முனையில் மறுபடி இடம், பின்சந்து. நேராகப் போய் ஒரு சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். கழுத்தை நீட்டித் தாடையைச் சுவரில் வைத்து, மேலும் கீழும் நிதானமாகத் தேய்த்தாள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

என் சுவர்.

இழுத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். நகரவில்லை. அந்தப் பக்கம் என் வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பொத்தான்கார அம்மாள் துணியை அலசிக்கொண்டே என்னைப் பற்றி யாரிடமோ சொன்னதும் கேட்டது. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஆலையில் ஏழு மணிச் சங்கு ஊதியது. சீமாட்டி தாடையை எடுத்தாள், தானாகத் திரும்பி நடந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஒரு குதிரை இதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளாது. ஒரு வருஷத்திலும் இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொள்ளாது. மண் சந்து, குளம்புச் சத்தம் எழாது. மூச்சுச் சத்தம் நான் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாடு என்று விட்டுவிட்டேன். ஐந்து வயதிலிருந்து குதிரை குதிரை என்று அலைந்தவள், குதிரை மூச்சை மாட்டு மூச்சு என்றிருக்கிறேன். வெளியே சொல்லிவிடாதே.

மூன்று குறை எழுதினாய். நான்காவதை ஏன் எழுதவில்லை? என் சுவருக்குப் பின்னால் உனக்கு என்ன வேலை?

கொத்தனாரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மனுஷர் அழுதே விட்டார்.

உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பிடிபட்ட சரக்கைப் பற்றி வாதாடக் கூடாது. எழுதிவிடுகிறேன்.

அவளை வாங்கி ஒரு வாரம் கூட ஆகவில்லை, சேணத்தில் உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. நீ ஆசைப்பட்ட குதிரை, ஒருமுறையாவது உன் கண்ணில் காட்டிவிடலாம் என்று ஒருநாள் விடியலில் உன் தெருவுக்கு வந்தேன். முன்வாசல் வரை வந்தேன். கை எழவில்லை. பாக்கி வசூலிக்க எத்தனை பேர் கதவை இடித்திருக்கிறேன் தெரியுமா? உன் கதவைத் தட்ட முடியவில்லை. சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். சுவர் உயரம், உன் கண்ணில் எதுவும் படாது என்று அங்கே போனபிறகுதான் உறைத்தது.

ஆனால் உன் குரல் கேட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை, நீ குழாயைத் திட்டிக்கொண்டிருந்தாய். "சம்பளம் குடுத்தாத்தான் வருவியோ?" என்று கேட்டாய். குதிரைமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு நூறு தார்ப்பாய் விற்றது.

அப்புறம் பழக்கமாகிவிட்டது. ஆறரை மணிக்கு வருவோம், சங்கு ஊதினால் கிளம்புவோம். உனக்குக் காய்ச்சல் வந்தது, நீலத்துணிக்காரர் ஏமாற்றியது, பேத்தி பிறந்தது எல்லாம் சுவர் வழியாகத்தான் எனக்குத் தெரியும். பேத்திக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் பெயரில் வந்த மரக்குதிரை இருக்கிறதே, அந்த வாடிக்கையாளர் நான்தான்.

விழுந்ததும் அங்கேதான். அன்றைக்குச் சரக்கு லாரி வருகிற அவசரம், நிற்காமல் போய்விடலாம் என்று முதல்முறையாக அவளைத் தட்டி விட்டேன். அவள் தன் இடத்தில் நின்றுவிட்டாள். நான் அவள் தலைக்கு மேலாகப் போய்க் கீழே கிடந்து அலறினேன். மேலே இருந்து ஒரு வாளித் தண்ணீர் வந்தது. குதிரை தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், குழியை உடன்பிறந்தவள் பறித்தாள். வண்டிக்காரர் வந்து தூக்குகிறவரை பல் கிடுகிடுக்கக் கிடந்தேன். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், ஆறு வருஷத்தில் நீ என் தலைக்கு நேராகச் செய்த முதல் காரியம் அது.

அவளை அனுப்பினால் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று உனக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். பாதி தெரியும். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அவள் சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தரகர் நேற்றும் வந்தார். நீ வேண்டாம் என்றால் அவளை அங்கே போக விடமாட்டேன், பெரியவனின் தார்ப்பாயை என் கட்டிலுக்கு அடியில் அடுக்கச் சொல்லிவிட்டு நான் லாயத்தில் படுத்துக்கொள்வேன். வேண்டும் என்றால் விலையை நீயே சொல். இந்த முறை அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

உன் தம்பி

மார்ச் 23

டேய் தம்பி,

தண்ணீர் ஊற்றியதற்கு வருத்தமில்லை. சுத்தமான தண்ணீர்தான்.

மற்றபடி நேற்று முழுக்க நான் எதையும் ஒழுங்காக வெட்டவில்லை. இரண்டு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டேன்.

நிபந்தனைகளை எழுதுகிறேன். படித்துவிட்டு வண்டிக்காரரிடம் சம்மதம் என்று மட்டும் சொல்லி அனுப்பு. பேரம் பேசினால் வாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நீ பத்தொன்பது வயதிலும் நான் இருபத்திரண்டிலும், கரிக்கடைக்காரரிடம் அந்த நொண்டிக் கிழவன் கரியனை ஆளுக்குப் பாதியாக வாங்கினோமே, அதே ஏற்பாடுதான். முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. கொள்ளும் கடிவாளமும் தலைவாரலும் என் பொறுப்பு. சாணமும் வாலும் உன் பொறுப்பு, கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து அள்ளு, இடுப்புக்கு நல்லது. லாடம் ஆளுக்கு இரண்டு கால்.

அவள் என் கொட்டிலில் இருப்பாள். இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளாமல் விற்கக் கூடாது. நீ ஏறக் கூடாது.

தினமும் ஆறரைக்கு வரலாம், முன்வாசல் வழியாக. சுவரில் அந்த இடத்தைப் பூச வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவள் தேய்த்துக்கொள்ளட்டும்.

விலை, அன்றைக்குச் சாக்கட்டியால் எழுதிக் காட்டிய அதே தொகை. அதில் என் பாதி. நூறெல்லாம் கிடையாது. வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பமாட்டேன், நாளை காலை அவர் வண்டியில் நீயே வந்து என் கையால் வாங்கிக்கொள். ஒவ்வொரு நோட்டாக, உன் முகத்தைப் பார்த்து, வாய்விட்டு எண்ணித்தான் கொடுப்பேன்.

உன் அக்கா