கத்திரிப் பாத்திக்கு நான் அடித்த மருந்து

மச்சான்,

இன்று காலை எங்கள் சிட்லபாக்கம் ஃப்ளாட்டில் கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் வந்தான். "சார், ரெண்டு மணி நேரம் வெளிய இருங்க" என்று என்னையும் உன் தங்கையையும் கிளப்பிவிட்டான். அவள் கீழ்வீட்டு அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டாள். நான் படியிறங்குவதற்குள் அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. மண்ணெண்ணெயில் அழுகின பூண்டைப் போட்ட மாதிரி. இந்த முட்டிவலியோடு ஏரிக்கரை பெஞ்சு வரைக்கும் எப்படி வந்தேனோ தெரியவில்லை. உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது, இப்போது என்ன கடுதாசி என்று கேட்பாய். கேட்டுக்கொள்.

முடிச்சூர் தாண்டி உங்கள் அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கரில் நாம் மூன்று பேரும் அந்த வீட்டை நடத்தினோமே, எண்பதுகளின் நடுவில், அப்போது அதை என்னவென்று சொல்வது என்றே யாருக்கும் தெரியாது. 'கெஸ்ட் ஹவுஸ்' என்று நான் சொன்னதும் உன் தங்கை முறைத்தாள். "சினிமாவுல வில்லன் வெச்சிருப்பானே, அதுவா?" என்றாள். கடைசியில் நீயே ஒரு பலகையில் 'தோட்டத்துச் சாப்பாடு. தங்கலாம்' என்று எழுதி வேலியில் கட்டினாய்.

நாலு அறை, ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு. அவ்வளவுதான். மாம்பலம், மயிலாப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, பஸ் பிடித்து, பாதி தூரம் நடந்தும் வருவார்கள். விடிந்ததும் நீ பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் மீன்கொத்தி காட்டுவாய். திரும்பும்போது அவர்களையே காய் பறிக்கவிட்டு, பறித்ததைச் சமைப்பாய். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, சாப்பிட்ட இலை மாட்டுக்கு. எந்தச் செடிக்கும் மருந்து கிடையாது. வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவாய். என்னிடம் தனியாக, "மருந்துன்னு எவன் பேர் வெச்சானோ மாப்ள. புழு இன்னா சீக்கா?" என்பாய்.

நான் வேலை பார்த்த கம்பெனியைக் கதவடைத்த வருஷம் அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் தோட்டத்துக்கு வந்துசேர்ந்த மாப்பிள்ளை நான். சமையல் உன் பொறுப்பு, மாடும் அறைகளும் உன் தங்கை பொறுப்பு. எனக்கு வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கிற வேலை. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்பேன். எனக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அதனால்தான் அந்த மாம்பலத்து அம்மா கத்திரிக்காயில் புழு இருந்தது என்று இலையோடு தூக்கிக்காட்டியபோது எனக்கு அப்படி வலித்தது. "காசு குடுத்து புழு சாப்பிடவா வந்தோம்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நீ கரண்டியோடு வந்து, "புழு துன்னா பயப்படாதம்மா. புழுவே தொடாத காய்தான் பேஜாரு" என்று சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் மளிகை வாங்கத் தாம்பரம் போயிருந்தீர்கள். கடையில் வாங்கி ஒளித்துவைத்திருந்த பூச்சிமருந்து பாட்டிலை எடுத்து, வாளித் தண்ணீரில் கலந்து கத்திரிப் பாத்தி முழுக்கத் தெளித்தேன். பத்து நாளைக்குக் காய் பறிக்கக்கூடாது என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். வெண்டைக்காய் நிறைய இருக்கிறது, அதையே சமைக்கச் சொல்லி உன்னைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பி வந்து வாடை பிடித்ததும் நீ, "பக்கத்துக் கழனிக்காரன் நெல்லுக்கு அடிச்சிருக்கான்" என்று திட்டினாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை நான் எழுந்தபோதே தாமதம். முந்தின ராத்திரியே பதினோரு பேர் வந்து தங்கியிருந்தார்கள், அதில் ஐந்து பிள்ளைகள். எட்டிப் பார்த்தால் அடுப்பில் கத்திரிக்காய் காரக்குழம்பு கொதிக்கிறது. பிள்ளைகளே பறித்துக் கொண்டுவந்தார்களாம். உன் தங்கை கூடத்தில் இலை போட ஆரம்பித்துவிட்டாள். போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் வந்து நின்றேன்.

"மச்சான், மருந்து..." என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

கையில் பாட்டில், வாயில் மருந்து என்கிற வார்த்தை, வேலை போன மனுஷன். நம் ஊரில் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்கிறது? கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தாய். தங்கை புருஷன் என்று என்னை ஒருநாளும் டா போடாதவன் நீ.

"டேய், எவ்ளோ குடிச்ச? சொல்றா. வேல போனா போவட்டுண்டா, நா ஒருத்தன் கீறேன்ல. என்கிட்ட சொல்லிருக்கலாம்ல."

நீ பிடித்து உலுக்கியதில் என் சட்டையின் மேல் பொத்தான் தெறித்தது. நான் குடிக்கவில்லை, கத்திரிச்செடிக்குத்தான் அடித்தேன் என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் விட்டாய். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாய். பிறகு பாட்டிலைப் பிடுங்கினாய்.

வேலிக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி அவ்வளவு குழம்பையும் கொட்டி, பாட்டிலையும் போட்டு மூடினாய். பறித்த பிள்ளைகளைக் கிணற்றடியில் வரிசையாக நிற்கவைத்துச் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டாய். அப்புறம் கூடத்துக்குப் போய், "கத்திரிக்காய்க்கு மருந்து அடிச்சாச்சு. தோட்டத்துக் காய் எதுவும் இன்னிக்குப் போட மாட்டேன். ரசமும் அப்பளமும்தான்" என்றாய்.

"யார் அடிச்சது?" என்று கேட்டார் ஒருவர்.

"நான்தான் சார்" என்றாய் நீ.

ஒரு குடும்பம் அப்போதே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் இருந்து சாப்பிட்டார்கள். "சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார் ஒரு பெரியவர். "தெரிஞ்சிகினு எப்டி சார் போட்றது?" என்றாய். உன் தங்கை நாலு நாள் உன்னோடு பேசவில்லை. உனக்கு ஏன் புத்தி அப்படிப் போயிற்று என்று இன்றைக்கும் எப்போதாவது என்னிடம் கேட்பாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

தனியாக இருக்கும்போதெல்லாம் நீ என்னைக் கிண்டல் செய்வாய். "கத்திரிக்காய்க்கு அடிச்சவன புடிச்சிகினு நான் அழுதேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வாய். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று தப்பாகப் புரிந்துகொண்டதாகவே கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தாய்.

முழுக்கத் தப்பில்லை மச்சான். பாத்திக்கு அடித்தது முக்கால் பாட்டில்தான். மிச்சத்தை மூடி, என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். குழந்தைகள் சாப்பிட்டுவிடக்கூடாதே என்றுதான் அன்று அதை வெளியே எடுத்தேன். நீ குழியில் போட்டு மூடிய பிறகு இன்னொன்று வாங்க எனக்குத் தோன்றவில்லை. நா ஒருத்தன் கீறேன்ல என்று சொன்னாயே, அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், நீ இல்லாத இந்த ஆறு வருஷத்தையும் சேர்த்து.