தோற்ற தளபதியின் பட்டங்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய். சிதம்பரம்.

வரலாற்றுத் துறைத்தலைவர் பதவி எனக்கு இல்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "நீ மனு குடு மச்சான், நாங்கல்லாம் கையெழுத்துப் போடுறோம்" என்று என்னைக் கிளப்பிவிட்டவன் சக ஆசிரியன் ராமலிங்கம். கடைசியில் அவனே கையெழுத்துப் போடவில்லை. இன்று கடலூரில் கல்லூரிக்குப் போனால், புதிய தலைவருக்குப் பொன்னாடை வாங்கி வைத்திருக்கிறான். எங்கள் துறையில் மூத்தவர்தான் போர்த்துவது வழக்கம்.

"வா மச்சான், நீதான சீனியரு" என்று என் கையில் திணித்தான். போர்த்தினேன்.

புதியவர் மரியாதையாகத்தான் பேசினார். "பைசாந்தியப் பேரரசுப் பாடம் மட்டும் நீங்களே எடுங்க சார். உங்கள மாதிரி யாராலயும் முடியாது."

அந்தப் பாடத்தில் ஒரு தளபதி வருவான். படையினர் உசுப்பேற்றியதில் அரியணைக்கு ஆசைப்பட்டான். தோற்றான். கண்களைப் பறித்தார்கள். பிறகு அதே அரசவை அவனுடைய பழைய பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டான். மானம் கெட்டவன் என்றுதான் இத்தனை வருடமும் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன்.

இன்று புதியவரிடம், "ரொம்ப நன்றிங்க சார்" என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

நாளை காலை முதல் வகுப்பில் அந்தத் தளபதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.