மஞ்சள் கவுனில் தைத்த பை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா பால் குடிக்க அடம்பிடிக்கிறாளா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு கூத்து நடந்தது. பாப்பாவின் வீடியோக்களை ஏற்றிக் கொடுத்தீர்களே, அந்த ஹார்ட் டிஸ்க்கை என் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. வயரை மாற்றிப் பார்த்தேன். ஊஹூம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் அண்ணன் தன் டிஸ்க்கைச் செருகினார். அதுவும் தெரியவில்லை. "உங்க டிஸ்க் நல்லாத்தான் இருக்கும்மா, கோளாறு லேப்டாப்லதான்" என்று டார்ச் அடித்து, வயர் செருகும் ஒரே ஓட்டைக்குள் இடுக்கியை விட்டார். மஞ்சள் நூல்பிசிறு வந்தது. டிஸ்க்கும் வயரும் வைக்க, பாப்பாவின் பழைய கவுனில் நீங்கள் தைத்துத் தந்த பையின் பிசிறு! வயர் முனையில் ஒட்டி உள்ளே போயிருக்கிறது.

"யாரும்மா தச்சது?"

"எங்க வீட்டுக்காரருண்ணா. ஊசி பிடிச்சதே அன்னைக்குத்தான்."

சிரித்துக்கொண்டே நம் டிஸ்க்கை மறுபடி செருகினார். திரையில் பாப்பா ஓடி வந்தாள். அவருக்குக் கோடிப் புண்ணியம். உங்களுக்கும்தான்; அந்தப் பிசிறைக்கூடத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

இன்னொரு பை தைத்து அனுப்புங்கள், ஓரத்தை மடித்து. உங்கள் நீலச் சட்டைத் துணி போதும். பஸ் வந்துவிட்டது. சட்டையைத் துவைக்காமல் தையுங்கள்.

பாப்பாவின் அம்மா